படுத்து ஒரு படம், நின்று ஒரு படம்

வெளிநாட்டில் இருக்கும் நான் ஊருக்குப் போய் வந்து இரண்டு வாரம் ஆகிறது. மூன்று வார லீவு, பார்க்க வேண்டியவர்களை எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதை விடுங்கள். எனக்குச் சொல்ல இருப்பது என் வலது கால் கட்டைவிரலைப் பற்றித்தான்.

கட்டைவிரல் பக்கத்து விரலை நெருக்கிக்கொண்டு சாய, அதன் அடிமூட்டு வெளியே புடைத்துக்கொண்டு நிற்கும். ஆங்கிலத்தில் பனியன் என்பார்கள். இந்தப் பெயரில்தான் வம்பு ஆரம்பித்தது.

"என்ன பிரச்சனைக்கா?" என்று ஊர் ஆஸ்பத்திரியில் டோக்கன் போடும் பெண் கேட்டாள்.

"கால்ல பனியன்."

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கூட வந்திருந்த அண்ணி அங்கேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் செருப்பைக் கழற்றிக் காட்டினேன். "ஓ, கால் ஆணியா! அப்படிச் சொல்லுங்க" என்று ஃபைல் மேலே எழுதி, தோல் டாக்டரிடம் அனுப்பிவிட்டாள். அங்கே ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அவர் பார்த்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. "இது ஆணி இல்லம்மா, எலும்பு. ஆர்த்தோவுக்குப் போங்க." அந்தப் பெண்ணை மட்டும் குறை சொல்லவும் முடியாது. இதற்கென்று நம் பேச்சில் ஒரு வார்த்தை கிடையாது. காலில் எது புடைத்தாலும் ஆணி, இல்லாவிட்டால் சர்க்கரை. அன்று மட்டும் "சுகர் இருக்கா?" என்று நான்கு பேர் கேட்டார்கள். அதில் இரண்டு பேர் ஆஸ்பத்திரி ஆட்களே இல்லை, பக்கத்து நாற்காலிக்காரர்கள்.

ஆர்த்தோ டாக்டரைப் பார்க்கும் முன்பே எக்ஸ்ரே எடுத்துவிடச் சொன்னார்கள். மேஜையில் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தட்டில் வைத்து எடுத்தார்கள். ஐந்தே நிமிடம். இங்கே இதே படத்துக்கு நான் நான்கு மாதம் காத்திருந்தவள். ஊர் ஊர்தான் என்று அண்ணியிடம் பெருமையடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "படுத்து எடுத்தீங்களா?"

"ஆமா சார்."

"போய் நின்னு எடுத்துட்டு வாங்க."

திரும்பவும் எக்ஸ்ரே அறை, திரும்பவும் வரிசை. "சீட்டுல வலது பாதம்னுதான் போட்டிருக்கு, நிக்கணும்னு எங்க போட்டிருக்கு?" என்று அந்தத் தம்பி சீட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினான். அவன் கேட்டதும் நியாயம்தான். எழுதாதவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார், திட்டு வாங்குகிறவன் இவன். முணுமுணுத்துக்கொண்டே தட்டைத் தரையில் போட்டு, அதன் மேல் என்னை நிற்க வைத்தான். "ரெண்டு கால்லயும் சமமா வெயிட்டைப் போடுங்கக்கா. சுவத்தைப் பிடிக்காதீங்க." நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாவது படத்தோடு போனபோது டாக்டர் ஸ்கேலும் பென்சிலும் எடுத்தார். பாத எலும்பின் நடுவே ஒரு கோடு, விரல் எலும்பின் நடுவே ஒரு கோடு. இரண்டுக்கும் இடையில் 15 டிகிரிக்குள் இருந்தால் சரி, 20 தாண்டி 40 வரை போனால் நடுத்தரம், அதற்கு மேல் கடுமை என்றார். படுத்திருந்தபோது எனக்கு 24. நின்றபோது 29. உடம்பின் பாரம் இறங்கினால்தான் பாதம் விரிந்து உண்மையைக் காட்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. இன்னொன்றும் சொன்னார். இது புதிதாக வளர்ந்த எலும்பு இல்லையாம். பாத எலும்பு ஒரு பக்கம் விலக, விரல் மறுபக்கம் சாய, நடுவில் மூட்டு துருத்திக்கொண்டு தெரிகிறது, அவ்வளவுதான். இத்தனை நாள் அதைச் சீவி எடுத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பாதத்தைக் கையில் எடுத்து, கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்து மூட்டு இறுகியிருக்கிறதா என்று பார்த்தார். அறைக்குள் அடுத்த டோக்கன், அதற்கடுத்த டோக்கன், அவர்களுடைய துணைக்கு வந்தவர்கள் என்று ஆறு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெரியவர், "எந்த நாட்டுல இருக்கீங்க?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இங்கே மூன்று வருடமாகப் போன் வழியாகவே வைத்தியம். கதவைச் சாத்தி, மரியாதையாக, என் அந்தரங்கத்தைக் காப்பாற்றிய யாரும் அந்தக் காலை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

ஆபரேஷன் செய்துகொண்டே திரும்பிவிடலாம் என்ற என் கணக்கைச் சொன்னேன். எத்தனை நாள் லீவு என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எலும்பை வெட்டி, நகர்த்தி, ஸ்க்ரூ போட வேண்டும். ஒட்டவே ஆறு வாரம். வீக்கம் மாதக்கணக்கில் இருக்கும். போதாததற்கு ஆபரேஷன் ஆன கையோடு நீண்ட விமானப் பயணம் போனால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து. "வலி தாங்க முடியலைன்னா பண்ணலாம். பார்க்க நல்லா இல்லைங்கிறதுக்காக வேண்டாம்." விரல்களுக்கு நடுவே வைக்கும் ரப்பர் வலியைக் கொஞ்சம் குறைக்குமே தவிர விரலை நிமிர்த்தாதாம். முன்பக்கம் அகலமான ஷூ போடச் சொன்னார்.

அகலமான ஷூ! இங்கே போனில் சொன்னதும் அதேதான். அதைக் கேட்க ஒரு முழுப் பகல், இரண்டு எக்ஸ்ரே, ஒரு தோல் டாக்டர். ஆனாலும் இந்தத் தடவை வந்ததும் முதல் வேலையாக ஷூ வாங்கினேன்.

போன வாரம் இங்கே மருத்துவரிடம் படத்தை அனுப்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, நின்று எடுத்ததா என்பதுதான். நின்றுதான் என்று கெத்தாகச் சொன்னேன். ஃபைல் அட்டையில் மட்டும் இன்னும் 'கால் ஆணி' என்றுதான் இருக்கிறது. நல்லவேளை, அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.