மாலிஷ் மாவ்ஷி: 40 நாள், 22,000 ரூபாய், ஒரு ஏப்பம்

மும்பையில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு யார் வந்தாலும் பேர் வைத்தாச்சா என்று கேட்பதற்கு முன்னால் மாலிஷ்வாலி, அதாவது தாய்க்கும் பிள்ளைக்கும் எண்ணெய் தேய்த்துவிடுகிறவள், வைத்தாச்சா என்று கேட்பார்கள். நாங்கள் வைக்கவில்லை. அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருக்கிறாள், நாலு பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கை, வெளியாள் எதற்கு என்று ஒரு தெம்பு. அந்தத் தெம்பு 19-வது நாள் வரைக்கும் இருந்தது.

19-வது நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு மகள் அழ ஆரம்பித்தாள். பசி அழுகை இல்லை, ஈரத்துணி அழுகையும் இல்லை. முகம் செக்கச் செவேல் என்று, முட்டி இரண்டையும் வயிற்றோடு மடக்கி, முஷ்டியை இறுக்கிக்கொண்டு ஒரே வீறல், நடுவில் மூச்சு எடுக்கிற நேரத்தில் மட்டும் மின்விசிறிச் சத்தம் கேட்கும். ஒன்பதரைக்குத்தான் ஓய்ந்தாள். மறுநாளும் அதே ஆறரை. செம்பூரில் ஒரு படுக்கையறை வீடு, ஜூலை மழை, எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கிறது, மூன்று பெரியவர்கள் மாறி மாறித் தூக்கிக்கொண்டு சமையலறைக்கும் வாசல் கதவுக்கும் இடையில் பதினோரு தப்படி நடக்கிறோம்.

அதனால் இதை மாலிஷ் ஏஜென்சி பற்றிய விமர்சனமாக மட்டும் எழுத முடியாது. அதற்கு முன்னால் அந்த மூன்று நாளில் வீட்டுக்கு வந்து சேர்ந்த பாட்டில்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் அதே பாட்டில்கள்தான் இருக்கும்.

முதலில் கிரைப் வாட்டர். அம்மாவின் பெட்டியிலேயே வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தது என்று நாம் நம்புகிற இந்தச் சமாச்சாரம் 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்து வணிகர் தயாரித்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கூடவே சாராயமும் இருந்திருக்கிறது, அந்தக் காலத்துப் பிள்ளைகள் சொக்கித் தூங்கியதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. இப்போது வருவதில் சாராயம் கிடையாது. எங்களிடம் இருந்தது வேறு ஏதோ கம்பெனியுடையது. இனிப்பு நாக்கில் பட்டதும் ஐந்து நிமிடம் நிறுத்தினாள், சப்புக்கொட்டினாள், மறுபடி விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் மூடி வைத்துவிட்டேன்.

அடுத்தது டாக்டரே எழுதிக் கொடுத்த சிமெத்திகோன் சொட்டு மருந்து. வயிற்றுக்குள் இருக்கிற சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகளை உடைத்து ஒன்றாக்கி வெளியே போக விடும், ரத்தத்தில் கலக்காது, மலத்தோடு போய்விடும், அதனால் பயமில்லை என்றார். வேலை செய்யுமா என்று கேட்டேன். மருந்தில்லாத வெறும் சொட்டு கொடுத்த பிள்ளைகளுக்கும் இது கொடுத்த பிள்ளைகளுக்கும் ஆராய்ச்சிகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் அம்மாக்களுக்குக் கையில் ஏதாவது வேண்டுமே என்றார். நேர்மையான மனுஷி. இதில் ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும்: தெருமுனை மருந்துக்கடையில் அந்தச் சீட்டைக் காட்டினால், அது ஸ்டாக் இல்லை, இதுவும் அதேதான் என்று வேறொரு பாட்டிலை நீட்டினார்கள். சும்மா பொடி எழுத்தைப் படித்துப் பார்த்தேன், டைசைக்ளோமின் என்று இருந்தது. ஆறு மாதத்துக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு அது கொடுக்கவே கூடாது, மூச்சே நின்றுபோகிற ஆபத்து உண்டு. வயிற்றுவலிச் சொட்டு என்றால் எல்லாம் ஒன்றல்ல, லேபிளைப் படியுங்கள்.

அப்புறம் வசம்பு. பிள்ளை வளர்ப்பான் என்று பெயரே வைத்திருக்கிறோம், விளக்கு வைத்த பிறகு பெயரைச் சொல்லக்கூட மாட்டார்கள் எங்கள் ஊரில். அம்மா சுட்டு, உரைகல்லில் உரசி, ஜாதிக்காய் மாசிக்காய் கடுக்காயோடு உரைமருந்து கொடுக்கத் தயாராக நின்றாள். டாக்டர் வேண்டவே வேண்டாம் என்றார், வசம்பில் இருக்கிற அசரோன் என்ற பொருள் நல்லதல்ல, அமெரிக்காவில் உணவில் சேர்க்கவே 1968-ல் தடை போட்டுவிட்டார்கள், தவிர உரைகல்லில் என்னென்ன கிருமி என்று யாருக்குத் தெரியும். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆறுதல் கிடைத்தது எதிர்வீட்டு மராத்தி ஆஜியிடமிருந்து (ஆஜி என்றால் பாட்டி): அவர்களும் பால்குட்டி என்று கிட்டத்தட்ட இதையே உரசிக் கொடுக்கிறவர்கள். ஆஜிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு மராத்தி தெரியாது, ஆஜி ஒரு வேரை எடுத்து 'வேகண்ட்' என்றார், அம்மா வாங்கி மோந்து பார்த்துவிட்டு "ஏட்டி, நம்ம வசம்புதாம்ட்டி!" என்று கத்தினாள். அன்றிலிருந்து இருவரும் ஒரு கட்சி, டாக்டரும் நானும் எதிர்க்கட்சி. மணிக்கட்டில் வளையலாகக் கட்டலாம் என்று சமரசம் பேசிப் பார்த்தார்கள், கையை வாயில் வைக்கிற பிள்ளைக்கு அதுவும் வேண்டாம் என்று விட்டேன். உரம் விழுந்திருக்கும், சேலையில் போட்டு உருட்டி எடுக்கலாம் என்ற யோசனையும் வந்தது, அதற்கு என் கணவர் குறுக்கே நின்றார்.

22-வது நாள்தான் ஏஜென்சிக்குப் போன் போட்டோம். தாய்க்கும் சேய்க்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 550 ரூபாய், 40 நாளுக்கு மொத்தமாக முன்பணம், எண்ணெய் நம்முடையது. காலை 11 மணி. வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், நாங்கள் மாவ்ஷி என்றே கூப்பிட்டோம், மராத்தியில் சித்தி. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் போட்டுக்கொண்டது அப்படியே நம் ஊர்ப் பாட்டிகளைப் போலத்தான், அம்மா அதைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தாள்.

முதல் நாளே சில விஷயங்களுக்குத் தடை போட வேண்டியிருந்தது. கடுகெண்ணெய் கேட்டார், டாக்டர் அது பிஞ்சுத் தோலுக்கு எரிச்சல் தரும் என்று சொல்லியிருந்ததால் மாட்டுங்காவில் வாங்கிய தேங்காய் எண்ணெயைக் கொடுத்தேன். மூக்கிலும் காதிலும் ஒரு சொட்டு விடப் போனார், கூடாது. பிள்ளையின் மார்பை அமுக்கிப் பால் எடுக்கப் பார்த்தார், சுத்தமாகக் கூடாது, சீழ் கட்டிவிடும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கப் போனபோது நான் போட்ட சத்தத்தில் ஆஜியே வந்துவிட்டார். ஏஜென்சி விளம்பரத்தில் பயிற்சி பெற்றவர்கள் என்று இருந்தது, என்ன பயிற்சியோ. ஆனால் ஒன்று, ஒரு தடவை சொன்னால் மறுதடவை செய்யவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை.

இனி அவருடைய கையைப் பற்றி. வயிற்றில் உள்ளங்கையை வைத்து, நாம் பார்க்கிற வாக்கில் கடிகார முள் சுற்றுகிற திசையிலேயே, தொப்புளைச் சுற்றி மெதுவாக வட்டம் போடுவார். ஒருநாளும் எதிர்த்திசையில் போடவில்லை. பெருங்குடல் வலப்பக்கம் கீழேயிருந்து ஏறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்குகிறது, காற்று போகிற வழியிலேயே கையும் போகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். அவருக்குப் பெருங்குடல் கதையெல்லாம் தெரியாது, கைக்குத் தெரிந்திருந்தது. அப்புறம் இரண்டு முட்டியையும் சேர்த்து மடக்கி வயிற்றில் அழுத்தி, ஐந்து எண்ணுகிற வரை பிடித்து, விடுவார். சைக்கிள் மிதிக்கிற மாதிரி காலை மாற்றி மாற்றி. மூன்றாவது நாலாவது தடவையில் சரவெடி மாதிரி வரும், அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பாள். பால் குடித்து முக்கால் மணி நேரம் ஆகாமல் தொடமாட்டார், பிள்ளை அழுதுகொண்டிருந்தால் வயிற்றைத் தொடமாட்டார், இந்த இரண்டும் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் கொடுத்த காசுக்கு உண்மையான லாபம் இது எதுவும் இல்லை. ஆறாவது நாளோ என்னவோ, நான் பால் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், நான் பிள்ளையைப் பையக் கிடத்தப் போன நேரத்தில் கையைப் பிடித்துவிட்டார். ஏப்பம் எங்கே என்றார். தோளில் போட்டு இரண்டு தட்டுத் தட்டினேனே என்றேன். நீ செய்தது தட்டுவதில்லை, தடவிக் கொடுப்பது என்றார். பிள்ளையை இன்னும் மேலே ஏற்றி, தாடை என் தோளுக்குப் பின்னால் போகும்படி, வயிறு என் தோள் எலும்பில் அழுந்தும்படி வைத்து, இடுப்பிலிருந்து மேல்நோக்கிக் கையைக் குழித்துத் தட்டச் சொன்னார். ஐந்து நிமிடம் ஆகியும் வரவில்லை, நான் விடப் பார்த்தேன், விடவில்லை. ஏழாவது நிமிடமோ எட்டாவது நிமிடமோ ஒரு ஏப்பம் வந்தது பாருங்கள், என் மாமனார் விருந்து முடித்து விடுகிற ஏப்பம். கடைசியில் மட்டும் இல்லை, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் மாற்றுகிற போதும் ஒன்று எடுக்க வேண்டும் என்றார். வாயை நன்றாகத் திறக்க வைத்து, காம்பு மட்டுமில்லாமல் கருவட்டமும் உள்ளே போகிற மாதிரி பிடிக்க வைத்தால் காற்றே குறைவாகத்தான் போகும் என்பதையும் கையால் காட்டிக் கொடுத்தார். இதையே ஆஸ்பத்திரியில் ஒரு காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள், அது இன்னும் பீரோவில் இருக்கிறது.

ஏஜென்சி மேல் எனக்குள்ள குறை நேரம். அழுகை ஆறரைக்கு, மாலிஷ் 11 மணிக்கு. சாயங்காலம் மாற்றித் தரக் கேட்டால் அப்போது ஆள் இல்லை. அதனால் 30-வது நாளிலிருந்து ஐந்தே முக்காலுக்கு நானே வட்டம் போட்டேன், முட்டி மடக்கினேன். அப்படிப் பார்த்தால் 40 நாள் தேவையில்லை, 10 நாள் வைத்துக் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொண்டால் போதும், ஆனால் 10 நாள் பேக்கேஜ் அவர்கள் விற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாற்று ஆள் என்று அனுப்பிய பெண் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பிள்ளையைத் தேய்த்தாள், அதே வாசலில் திருப்பி அனுப்பினேன்.

பலன் இருந்ததா என்று கேட்டால், மூன்று மணி நேர அழுகை ஆறாவது வாரத்தில் கொஞ்சம் கூடியது, ஒன்பதாவது வாரத்தில் ஒரு மணி நேரமானது, மூன்று மாதம் முடிகிற போது காணாமல் போனது. இது மாவ்ஷி கையாலா, வயதாலா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அதைக் காலிக் என்று சொல்வது 1954-லிருந்தே உள்ள கணக்காம். ஆறு வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும் என்று டாக்டர் முதலிலேயே சொன்னார். இன்னொன்றும் சொன்னார், வாயுவால் அழுகிறதா, அழுது அழுது காற்றை விழுங்கியதால் வாயுவா, யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்று. ஏப்பம் எடுத்த நாளும் எடுக்காத நாளும் எனக்கு வித்தியாசம் தெரிந்தது, அதை மட்டும் சொல்வேன்.

பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், வயிறு கல் மாதிரி வீங்கி இருப்பது, பால் குடிக்க மறுப்பது, மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல், இதில் ஒன்று இருந்தாலும் மாலிஷும் வேண்டாம் சொட்டும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

மாவ்ஷிக்கு ஐந்துக்கு நாலரை. ஏஜென்சிக்கு இரண்டு. ரயில் ஓடாத அந்த மழையில் வர முடியாமல் போன இரண்டு நாளுக்கு மாவ்ஷி தன் பாட்டுக்குக் கூடுதலாக வந்து ஈடு செய்யத் தயாராக இருந்தார், ஏஜென்சிதான் விதியில் இல்லை, பணமாகத் தருகிறோம் என்றது. பிள்ளை இப்போது குப்புறக் கவிழ்ந்து நீந்துகிறாள், 1,100 ரூபாய் இன்னும் வரவில்லை.