முட்டிவலிக்கு மெத்தை: 380 வெள்ளி போன கதை

கேனூவில் முட்டி போட்டுத் துடுப்பு வலிப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். (இங்கே கேனூ என்றாலே பலரும் கால் நீட்டி உட்காரும் கயாக்கைத்தான் நினைப்பார்கள். நான் சொல்வது மேலே திறந்த, ஒரு முனை மட்டும் தட்டையான துடுப்பால் வலிக்கும் படகு. முட்டியைப் படகின் அடித்தளத்தில் ஊன்றி, பாதத்தை இருக்கைக்கு அடியில் விட்டு, பின்பக்கத்தை இருக்கையில் சாய்த்துக்கொள்வோம்.)

எனக்கு 51 வயது. சிங்கப்பூரின் காலாங் பேசின் நீர்த்தேக்கத்தில் ஒரு மணி நேரம் போய்வந்தால், கரையேறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றால்தான் கால் நீளும். முட்டிக்கு மெத்தை போட, தெரிந்தவர் ஒருவர் படகு பழுதுபார்க்கும் கடையைச் சொன்னார். கடைக்காரர் நம்மவர், பேச்சும் இனிப்பு. "உங்க உடம்புக்கு அளவெடுத்துப் பண்ணித் தர்றேன் அண்ணே" என்று வாட்ஸ்அப்பிலும் எழுதினார். 380 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முழுவதையும் முன்பே பேநவ் வழியாக போனிலேயே அனுப்பினேன். அவர் கையில் அளவு டேப்பை நான் பார்க்கவே இல்லை, படகில் ஒரு தடவை முட்டி போட்டுக் காட்டச் சொல்லவும் இல்லை. அப்போதே படகைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் படகு வந்தது. முட்டிக்கு ஐந்து சென்டிமீட்டர் தடிமனில் இரண்டு கறுப்பு மெத்தை, கணுக்காலுக்கு என்று இருக்கைக்கு அடியில் இன்னொன்று. இருக்கை மட்டும் பழைய உயரத்திலேயே. தண்ணீரில் இருபதே நிமிடம், வலி முன்னைவிட மோசம். யோசித்தால் காரணம் எளிது: இருக்கையை ஏற்றாமல் முட்டியை மட்டும் ஏற்றினால் இரண்டுக்கும் நடுவே உயரம் குறைகிறது, முட்டி இன்னும் இறுக்கமாக மடங்குகிறது, எனக்கு வலித்ததே அந்த மடிப்பில்தான்.

அதைவிடப் பெரிய கோபம் எனக்கு அந்த மூன்றாவது மெத்தையின் மேல். செருப்போடு காலை இழுத்தால் இருக்கைக்கும் மெத்தைக்கும் இடையே சிக்கிக்கொண்டது. படகு கவிழ்ந்த நேரத்தில் கால் இப்படி மாட்டினால்? நல்லவேளை, கரையோரமாக இருக்கும்போதே கண்டுபிடித்தேன்.

மூன்றாவது முறை போனபோது இடது மெத்தை கழன்று தண்ணீரில் மிதந்தது. காண்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, அப்புறம் அழுத்த வேண்டும். இவர் ஒரு பக்கம் மட்டும் தடவியிருக்கிறார், படகின் உட்பக்கம் வழவழவென்று சுத்தமாக இருந்தது. மெத்தையைத் திருப்பிப் பார்த்தால் கறுப்புக்கு அடியில் மஞ்சள், ஓரத்தில் பல் பல்லாக வெட்டு. குழந்தைகள் விளையாடத் தரையில் கோத்து விரிப்போமே, அந்தப் பாய்!

போன் பண்ணினால், "ஒரு மாசம் ஓட்டுங்க அண்ணே, பழகிடும்" என்றார். அப்புறம் எத்தனை செய்தி அனுப்பியும் நீல டிக் மட்டும்தான். சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளைம்ஸ் நடுவர் மன்றத்தில் பதிந்தேன், என்னைப் போன்ற தனிநபருக்கு 5,000 வெள்ளி வரையான கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். அந்த "அளவெடுத்து" செய்தியும் மஞ்சள் பாயின் படமும் போதுமாக இருந்தது. கூப்பிட்ட தேதிக்கு முன்பே 250 வெள்ளி வந்து விழுந்தது. மீதியை விட்டுவிட்டேன், அலைய முடியவில்லை.

பிறகு நானே செய்தேன். படகின் மேல்விளிம்பிலிருந்து இருக்கையைத் தொங்கவிடும் மரத்துண்டுகளைக் குட்டையாக்கி இருக்கையை மூன்று சென்டிமீட்டர் ஏற்றினேன், முன்பக்கத்தை மட்டும் கொஞ்சம் தாழ்வாக விட்டேன். முட்டிக்கு மெல்லிய, கெட்டியான ஃபோம். கணுக்காலுக்குச் சுருட்டிய துண்டு, அதுவும் ஒட்டாமல். இருக்கையை ஒரேயடியாக ஏற்றாதீர்கள், படகு ஆடும். ஏற்றும்போதெல்லாம் துடுப்பு வலிக்கப் போடும் அதே செருப்பைப் போட்டு, கால் தடையில்லாமல் வெளியே வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் இன்னும் விளம்பரம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அந்தப் படத்தில் இருப்பது என் படகு, மெத்தை கழலுவதற்கு முன் எடுத்தது.