ஐப்பசி மலையும் 150–600 லென்ஸும்: நீண்ட காலப் பாவனைக்குப் பிறகு

சுருக்கமாகக் கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைநாட்டுப் பறவைகளையும் விலங்குகளையும் படம் எடுக்க 150–600 மிமீ ஜூம் லென்ஸ் ஒன்று போதும். அதைக் கொழும்பில் வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. என்னுடையது எந்தக் கம்பனி என்பதை விட்டுவிடுகிறேன். இந்த வகையில் பலவும் இரண்டு கிலோ அளவில் எடை இருக்கும், 600-இல் எஃப் 6.3 தான் தரும் (எஃப் என்பது ஒளி நுழையும் வாயின் அளவு, எண் கூடினால் ஒளி குறையும்). ஆகவே என் குறையும் நிறையும் மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

நான் இதை அதிகம் தூக்கிக்கொண்டு போவது ஐப்பசி, கார்த்திகையில். தீபாவளி லீவோடு இன்னும் ஒன்றிரண்டு நாள் சேர்த்துக்கொண்டு கொழும்புக் கோட்டையில் இரவு மெயில் ரயிலில் ஏறினால், விடியுமுன் நுவரெலியாவுக்குக் கிட்டிய நானுஓயா. நமக்கு இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஆனால் இமயத்தில் குளிர் இறுகுமுன் அங்கிருந்து புறப்படும் பறவைகள் ஒக்டோபரிலிருந்து இங்கே தென்படத் தொடங்கிவிடும்: காஷ்மீர் ஈப்பிடிப்பான், பைட் த்ரஷ், இந்தியன் புளூ ரொபின், ஆறுமணிக்குருவி. ஆறுமணிக்குருவிக்கு மலை ஏற வேண்டியதில்லை, கொழும்பைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் அது கத்தும். மற்ற மூன்றுக்கும் நான் போவது நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு. ஜனவரி, பெப்ரவரியில் போனால் வானம் தெளிவாக இருக்கும், ஹோர்ட்டன் சமவெளிப் புல்லில் உறைபனிகூடக் கிடைக்கும். கூட்டமும் அப்படியே கிடைக்கும். எனக்கு மழைக்காலமே பரவாயில்லை. காலை பெரும்பாலும் திறந்திருக்கும், இடியும் மழையும் பின்னேரம்தான்.

லென்ஸுக்கு உண்மையான பரீட்சை இந்தப் பூங்காதான். காஷ்மீர் ஈப்பிடிப்பான் பதின்மூன்று சென்ரிமீற்றர் இருந்தால் அதிகம். ஆணின் நெஞ்சு செம்மஞ்சள், அதன் இரு ஓரமும் கறுப்புக் கோடு. ஓரிடத்தில் உட்காராது. பெரிய மரங்களின் அடியில் வெளிச்சமும் கிடையாது. எஃப் 6.3-இல் ஐஎஸ்ஓவை, அதாவது கமெராவின் ஒளியுணர்திறனை, 3200-க்குக் கீழே இறக்க முடிந்த காலைகள் எனக்கு அபூர்வம். எஃப் 4 லென்ஸ் ஒன்று இதைவிட இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும், அந்த வித்தியாசம் இங்கே நன்றாகவே தெரியும். ஆட்டத்தைத் தடுக்கும் ஸ்டெபிலைசேஷன் நல்லது. பறவை ஒரு கணம் அசையாமல் நின்றால் 1/250 செக்கனில் கையாலேயே எடுத்துவிடலாம். அது தலையைத் திருப்பினால் ஸ்டெபிலைசேஷனால் ஒன்றும் ஆகாது, ஷட்டர் வேகம்தான் வேண்டும். பைட் த்ரஷ் இன்னும் மோசம். நன்றாக இருட்டுகிற நேரத்தில் வாய்க்கால் ஓரச் சேற்றுக்கு இறங்கும். அங்கே இந்த லென்ஸ் தோற்றுவிடும், நான் கமெராவை மூடிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே. வழக்கமாக என்னைக் கூட்டிப்போகிற வான் சாரதி நுவரெலியாக்காரர். ஒவ்வொரு முறையும் அதே பல்லவி: “அண்ணே, எட்டு மணிக்குள்ள எடுக்கிறத எடுத்திருங்க, அப்புறம் மூட்டம் வந்துரும்.” அவர் சொல்வது சரிதான். மூட்டத்தில் எதுவும் தெளிவாகப் பிரிந்து தெரியாததால் ஓட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். லென்ஸின் பக்கத்தில் இருக்கும் ஃபோகஸ் லிமிட்டர் பொத்தானை, அதாவது ஃபோகஸ் தேடும் எல்லையைக் குறைக்கும் பொத்தானை, தூரத்துக்கு மாற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கமெரா மூட்டத்தைச் சாம்பல் நிறமாக்கிவிடும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப் அளவு (இரு மடங்கு ஒளி) கூட்டினால்தான் வெள்ளை வெள்ளையாக வரும்.

மரை மானுக்கு இவ்வளவு பெரிய லென்ஸே தேவையில்லை. சமவெளியில் உள்ள ஃபார் இன் வாகனத் தரிப்பிடத்துக்கு வருகிற கொம்பன் 150-இலும் படச் சட்டத்துக்குள் அடங்காது. அதற்குப் பாண் நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. வெட்டவெளியில் தூரத்தில் கூட்டமாக மேய்பவைதான் 600-க்கு ஏற்ற படம். சிறுத்தை இருக்கிறது, நம்பிப் போகாதீர்கள். மூக்கில் கொம்புள்ள ஓணான்களில் இங்குள்ள இனம் இந்த மலைகளைத் தவிர வேறெங்கும் கிடையாது. அது கையெட்டும் கிளையில் இருக்கும், லென்ஸோ ஏறக்குறைய மூன்று மீற்றருக்குள் ஃபோகஸ் ஆகாது. போனில் எடுத்தேன், நன்றாகவே வந்தது. ஹக்கலைத் தாவரவியல் பூங்காவில் கரடிபோல் அடர்ந்த ரோமத்தோடு திரியும் ஊதாமுகக் குரங்குகளுக்கு 300-லிருந்து 400 வரை அருமை.

ஹோர்ட்டன் சமவெளி நுழைவாயிலில் பொலித்தீனைத் தேடி எடுத்துவிடுவார்கள். ஆகவே ஷொப்பிங் பையை மழையுறையாகக் கட்டும் யோசனை வேண்டாம், துணியில் தைத்த உறை ஒன்று வாங்குங்கள். ட்ரைபொட்டைவிட ஒற்றைக்கால் மொனோபொட் நடக்க வசதி. குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும், மேலதிகமானதைச் சட்டைப்பைக்குள் வையுங்கள்.

இனி கொழும்பு. நான் இருப்பது வெள்ளவத்தையில், கடல் பக்கம். ஜன்னலைத் திறந்தால் உப்பு, மூடினால் புழுக்கம். ஈரப்பதம் பெரும்பாலும் எழுபது சதவீதத்துக்கு மேலேதான், அறுபதைத் தாண்டி நின்றாலே கண்ணாடியில் பூஞ்சணத்துக்கு வசதி. இந்த லென்ஸ் ஜூம் செய்யும்போது நீண்டு சுருங்கும். நீளும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. மலையில் மூட்டத்தையும் இங்கே கடற்காற்றையும் குடித்துக்கொண்டே இருக்கிறது என்று சொல்லலாம். நனைந்தால் நீட்டியபடியே துடைத்து, காய்ந்த பிறகுதான் சுருக்க வேண்டும். மலையிலிருந்து வந்ததும் பையைத் திறக்காமல் சில மணிநேரம் விட்டுவிடுவேன், இல்லாவிட்டால் குளிர்ந்த கண்ணாடியில் கொழும்புக் காற்று வேர்த்துவிடும்.

இவ்வளவு பார்த்தும் உள்ளே ஒரு கண்ணாடியில் சிலந்தி நூல்போல் பூஞ்சணம் வந்தது. துப்புரவாக்கக் கொடுத்த கடையில் ஒரு கிழமை என்றார்கள், மாதக்கணக்கில் இழுத்தார்கள். திரும்பி வந்த லென்ஸில் படத்தின் இடது ஓரம் மங்கல். சொன்னால் “அது முதலிலேயே அப்படித்தான்” என்றார்கள். பறவை நடுவில் இருப்பதால் சமாளிக்கிறேன், நிலக்காட்சிக்கு இப்போது அதை எடுப்பதில்லை. அதன்பிறகு மின்சார உலர்பெட்டி ஒன்று வாங்கி 45 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். லென்ஸ் வாங்கும் பட்ஜெட்டிலேயே இந்தப் பெட்டியையும் சேர்த்துவிடுங்கள். சிலிக்கா ஜெல் போட்ட டப்பா மலிவு, ஆனால் அதை அடிக்கடி சூடாக்கி உலர்த்த வேண்டும், யாருக்கு ஞாபகம் இருக்கும்?

கூடவே 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மிமீ) பைனோகுலர் ஒன்று வைத்திருக்கிறேன், அதைப் பற்றி முறைப்பாடே இல்லை. நைதரசன் அடைத்தது என்பதால் உள்ளே மூட்டம் பிடிப்பதில்லை. 10x42 கொஞ்சம் பெரிதாகக் காட்டும், ஆனால் கையாட்டமும் கூடும், மங்கலில் படமும் இருண்டு தெரியும். புதிதாகத் தொடங்குபவர் என்றால் முதலில் 8x42 பைனோகுலரை வாங்குங்கள். கொழும்புக்குப் பக்கத்தில் தலங்கம ஏரியிலும் பெத்தகானைச் சதுப்பு நிலப் பூங்காவிலும் கொஞ்ச நாள் பறவை பார்த்துவிட்டு லென்ஸைப் பற்றி யோசிக்கலாம்.

பாவித்த லென்ஸ் கொழும்பில் நிறையக் கிடைக்கிறது. வாங்குமுன் இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து, முன்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள். 150-இலும் 600-இலும் ஒரு செங்கல் சுவரைப் படம் எடுத்து நான்கு மூலையையும் ஒப்பிடுங்கள். விற்பவர் அதற்கு விடமாட்டார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.