மதீராவில் "கலங்கரை விளக்கம் வரை நடை" என்று விற்றால் வாங்காதீர்கள்

போர்ச்சுகலின் தீவான மதீராவில் நாங்கள் நான்கு பேர் வாங்கிய சுற்றுலாவுக்குத் தலைக்கு 60 யூரோ. அதற்குச் சொன்னது ஐந்து: தலைநகர் ஃபுஞ்சலில் விடுதி வாசலிலிருந்து வண்டி, கூடவே நடக்கும் வழிகாட்டி, நடைபாதைக்கான நுழைவுச்சீட்டு, கலங்கரை விளக்கம் வரை நடை, திரும்பப் படகு. கிடைத்தது வண்டி ஒன்றுதான். இணையத்தில் விற்ற நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இதே சரக்கை வேறு பெயர்களிலும் விற்கிறார்கள், அதனால் சரக்கைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

முதல் பொய் கலங்கரை விளக்கம். மதீராவின் கிழக்கு மூக்கான சாவோ லோரென்சோ முனையில் 1870-இல் கட்டிய விளக்கம் இருப்பது உண்மை. ஆனால் அது நிற்பது முனைக்கு அப்பால், கடல் பிரித்துவைத்த தனித் தீவுத்திட்டில். நடந்து போக வழியே கிடையாது. பி.ஆர். 8 என்று எண்ணிட்ட அந்த நடைபாதை, வழியில் இளைப்பாறும் இடமான சர்தீன்யா வீட்டைத் தாண்டி, மேலே ஏறும் பார்வைமேட்டோடு முடிந்துவிடும். அங்கிருந்து விளக்கத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். விளம்பரப் படம் எடுத்த இடமும் அதுவே.

சீட்டு விஷயம் இன்னும் மோசம். நான்கு பேருக்கும் வந்தது ஒரே கட்டக்குறியின் (QR) நான்கு நகல். சோதித்தபோது முதல் ஆளுக்குப் பச்சை, மற்ற மூவருக்குச் சிவப்பு. பாதையில் நடக்க வெளியூர்க்காரருக்கான கட்டணம் 2024-இல் 3 யூரோவாகத் தொடங்கியது, பிறகு கூடியிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் சில யூரோதான். மதீரா அரசின் சிம்ப்ளிஃபிகா தளத்தில் பாதையையும் நாளையும் தேர்ந்து நாமே கட்டிவிடலாம். இடைத்தரகர் வாங்கித் தந்தால் பாதைக்குறி, தேதி, ஆள் எண்ணிக்கை மூன்றையும் முந்தின இரவே சரிபாருங்கள்.

வழிகாட்டி என்று வந்தவர் ஓட்டுநர். அப்ரா விரிகுடா வண்டி நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, "இரண்டு மணி நேரத்தில் வாங்க" என்றார். போக 3 கிலோமீட்டருக்கு மேல், வர அதே வழி. நிதானமாக நடந்தால் இரண்டரை மணி நேரம் கட்டாயம் ஆகும். ஏற்ற இறக்கம் ஓயாது, கடைசி மேட்டின் படிகள்தான் மூச்சை வாங்கும். அவசரப்பட்டு இறங்கும்போதுதான் வழுக்கும். இறுகிய செம்பாறை மேல் உதிர்ந்த சரளை சின்னக் குண்டுகளைப் போல உருளும், மழை பெய்திருந்தால் அதே மண் பசையாகிவிடும். அடித்தடம் ஆழமான காலணி இல்லாமல் இறங்க வேண்டாம்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவர்கள் சொல்லவில்லை. பக்கத்து விமான நிலையத்தில் விமானங்களையே தரையிறங்க விடாமல் திருப்பி அனுப்பும் காற்று அது. மரம் கிடையாது, முனையோ ஒடுக்கம். வடகிழக்கிலிருந்து வருவது மேட்டின் பள்ளங்களில் குவிந்து, இருபக்கமும் கடல் தெரியும் இடுக்கில் ஆளைத் தள்ளும். அங்கே கம்பிவட வேலி உண்டு, பிடித்துக்கொள்ளலாம், சாயக் கூடாது. தொப்பிக்கு நாடா வேண்டும், குடை வீண். நிழல் என்றால் சர்தீன்யா வீட்டுப் பனைகளடியில் மட்டுமே. அங்கே சிற்றுண்டிக் கடை இருந்தாலும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், வெயில் நாளில் இரண்டு.

படகு? சர்தீன்யா வீட்டுக்குக் கீழே இருப்பது சின்னத் துறை. அலை கொஞ்சம் எழும்பினாலே படகு அணையாது. அன்று அணையவில்லை. பணம் திரும்பாதாம், "கடல் நிலைக்கு உட்பட்டது" என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறதாம். படகு வேண்டுமென்றால் நடக்கும் அன்று காலை கடலைப் பார்த்துவிட்டுத் தனியாகப் பேசுங்கள். திரும்பி நடக்கும் தெம்பையும் தண்ணீரையும் எப்படியும் மிச்சம் வையுங்கள்.

ஏமாந்துவிட்டால்: போர்ச்சுகலில் வாடிக்கையாளரோடு புழங்கும் கடையும் அலுவலகமும் புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் மறுக்கக் கூடாது. இணையவழிப் புகார்ப் புத்தகமும் உண்டு. காகிதத்தில் எழுதினால் ஒரு பிரதி உங்களுக்கு, மூலத்தை அவர்கள் 15 வேலை நாளுக்குள் மேற்பார்வை அமைப்புக்கு அனுப்பியாக வேண்டும். விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடமும் முறையிடலாம். எங்கள் புகாருக்குப் பின் சீட்டுக் காசு மட்டும் வந்தது. படகுக் காசுக்கு இன்னும் பதில் இல்லை.