பயனர் பட்டியல் கருவி: ஏஐ ஏஜென்ட்டுக்கு எந்த ஆவணம் போதும்?

நாகர்கோவிலில் தலைமை அலுவலகம், மாவட்டத்தின் ஆறு தாலுகாக்களிலும் கிளைகள், மொத்தம் 340 லாகின்கள் கொண்ட ஒரு கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். “விளவங்கோட்டில் எத்தனை பேருக்குக் கணக்கு இருக்கு?” என்று செயலாளர் ஏஜென்ட்டிடம் (கேட்ட வேலைக்கேற்ற மென்பொருள் கருவிகளைத் தானே இயக்கும் ஏஐயிடம்) கேட்கிறார். அது பயனர் பட்டியலைத் தரும் ஏபிஐயை (மென்பொருள்கள் ஒன்றிடம் ஒன்று தகவல் கேட்கும் வாயிலை) ஒரு முறை அழைத்து, வந்த 100 பேரில் எண்ணிப் பார்த்து 19 என்கிறது. சரியான விடை 61. ஏபிஐயில் கோளாறு எதுவும் இல்லை. ஒரு பக்கத்துக்கு 100 பேர்தான் வருவார்கள் என்பது ஏஜென்ட் படிக்கும் இடத்தில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

அதை எங்கே எழுதுவது? ஓப்பன்ஏபிஐ கோப்பு (ஏபிஐயை இயந்திரம் படிக்கும் வடிவில் விவரிப்பது), எம்சிபி கருவி விவரம் (ஏஐ மாடலை வெளிக் கருவிகளோடு இணைக்கும் நெறிமுறையில் வருவது), தனி மார்க்டவுன் கையேடு (எளிய குறியீடுகளோடு எழுதும் உரைக் கோப்பு) என்று மூன்று இடங்கள் உண்டு.

ஓப்பன்ஏபிஐ கோப்பு அநேகமாக ஏற்கெனவே கையில் இருக்கும். 2021இல் வந்த 3.1 பதிப்பு ஜேசன் ஸ்கீமாவோடு (தரவு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் முறையோடு) முழுமையாக ஒத்துப்போவதால், சரிபார்ப்புக்கும் கிளையன்ட் கோடு உருவாக்கவும் இதைவிட நல்லது இல்லை. சிக்கல் அதை அப்படியே கருவியாக மாற்றும்போதுதான் வருகிறது. “பயனர்களைப் பெறு” என்ற ஒரு வரிச் சுருக்கமே கருவியின் முழு விளக்கமாகிவிடும். கோப்பை மொத்தமாகக் கொடுத்தாலோ, தேவையில்லாத மற்ற எண்ட்பாயிண்ட்களும் (ஏபிஐயின் மற்ற அழைப்பு முகவரிகளும்) சேர்ந்து, மாடல் ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய இடமான சூழலை அடைத்துக்கொள்ளும். லிமிட் (ஒரு பக்கத்தில் எத்தனை பேர்) என்பது முழு எண், இயல்பு மதிப்பு 100 என்று ஸ்கீமா சொல்லும். அடுத்த பக்கக் கர்சர் (அடுத்த பக்கம் எங்கே தொடங்கும் என்ற அடையாளம்) வந்தால் மறுபடி அழைக்க வேண்டும் என்று தானாகச் சொல்லாது.

எம்சிபி நெறிமுறையை ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்டது. அதில் ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா உண்டு. கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே மாடல் விளக்கத்தைப் படித்துவிடும் என்பதால், எழுதும் உழைப்பை இங்கேதான் போட வேண்டும். இப்படி:

“சங்க மென்பொருளின் பயனர் கணக்குகளைப் பட்டியலிடும், எதையும் மாற்றாது. ஒரு அழைப்பில் அதிகபட்சம் 100. அடுத்த கர்சர் வந்தால் பட்டியல் முடியவில்லை. அது காலியாகும்வரை அழைக்கவும். எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் மொத்தம் என்ற புலத்தைப் பார்க்கவும். முடக்கப்பட்ட கணக்குகள் இயல்பாக வராது. ஒரே பெயரில் பலர் வந்தால் தேர்ந்தெடுக்காமல் கேட்கவும்.”

தாலுகா வடிகட்டியை வெறும் சரமாக (எதை வேண்டுமானாலும் எழுதக்கூடிய உரையாக) விடாதீர்கள். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு, கிள்ளியூர் என்ற ஆறு மதிப்புகளை மட்டும் அனுமதிக்கும் நிலையான பட்டியலாக (enum) கொடுங்கள். செயலாளர் தக்கலை என்பார், குழித்துறை என்பார். முதலாவது கல்குளத்திலும் இரண்டாவது விளவங்கோட்டிலும் வரும் என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். தவறான மதிப்பு வந்தால் காலிப் பட்டியலைத் திருப்பக் கூடாது. ‘யாரும் இல்லை’ என்று ஏஜென்ட் பதில் சொல்லிவிடும். பிழைக் கொடியோடு சரியான ஆறு மதிப்புகளையும் அனுப்பினால் அது தானே திருத்திக்கொள்ளும்.

பெயர்த் தேடலில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. நம்மூரில் இனிஷியல் முன்னாலும் வரும், பின்னாலும் வரும்; முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற பிரிப்பு பொருந்தாது. அதோடு ‘ஜோசப்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் தேடல் தவறும். சேமிக்கும்போதும் தேடும்போதும் சர்வரில் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பலவாறு எழுதக்கூடியதை ஒரே வடிவமாக்கும் யூனிகோடு முறைக்கு) மாற்றுங்கள். இதை ஆவணத்தில் எழுதி ஏஜென்ட் தலையில் கட்ட வேண்டாம்.

மார்க்டவுன் கையேடு மனிதர்களுக்கு. யாருக்கு எந்த அனுமதி என்ற கொள்கையை விரித்து எழுத நல்ல இடம். ஆனால் திறக்கச் சொன்னால்தான் ஏஜென்ட் அதைத் திறக்கும். ஏபிஐ மாறும்போது முதலில் பழையதாவதும் அதுதான்.

ஆகவே ஸ்கீமாவை ஓப்பன்ஏபிஐ கோப்பிலிருந்து தானாக எடுங்கள், விளக்கத்தைக் கையால் எழுதுங்கள். ஸ்கிம் 2.0 (பயனர் கணக்குகளைக் கையாளும் பொது நெறிமுறை) வழியாகப் பட்டியல் எடுப்பவர்கள் தொடக்க எண் 1 என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். 0 கொடுத்தால் அது 1 என்றே கொள்ளப்படும். அடுத்து 100இலிருந்து கேட்கும்போது நூறாவது ஆள் இரண்டு முறை வந்து, 340 பேர் 341 ஆகிவிடுவார்கள்.

‘படிக்க மட்டும்’ என்ற எம்சிபி குறிப்பு வெறும் குறிப்புதான், பூட்டு அல்ல. ஏபிஐயை அழைக்க ஏஜென்ட் காட்டும் அனுமதிச் சாவியான டோக்கனுக்கே படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். கைபேசி எண்ணும் ஆதாரும் இயல்புப் பதிலில் இருக்கவே கூடாது. ஐடி, பெயர், தாலுகா, நிலை போதும்.

சோதிக்கும்போது பக்க அளவை 100இலிருந்து 5ஆகக் குறையுங்கள். கர்சரைத் தொடராத ஏஜென்ட் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும்.