பழைய கேசட்டுகளைக் கடையில் கொடுக்குமுன் இதை வாசியுங்கள்

மட்டக்களப்பு நகரில், பழைய கேசட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றித் தருவதாகச் சொன்ன ஒரு கடையில் அப்பாவின் 22 கேசட்டுகளைக் கொடுத்தேன். ஒன்றுக்கு 300 ரூபாய். மொத்தம் 6,600 ரூபாயையும் முதலிலேயே வாங்கிவிட்டார்கள். "நாளையண்டைக்கு வாங்க அக்கா" என்றார் கடைக்காரர். இவ்வளவு கெதியாகவா என்று சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கேசட்டை ஒழுங்காக ஏற்றுவதென்றால் ஓடவிட்டுத்தான் பதிய வேண்டும். 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடம் போகும். எங்களுடையவை எல்லாம் 90 நிமிடக் கேசட்டுகள். ஓடி முடியவே 33 மணித்தியாலம். அந்தக் கடையில் நான் பார்த்தது கேசட் ஓடவிடுகிற டெக் ஒரேயொன்று.

அவற்றில் இருந்தவை அப்பா இலங்கை வானொலியிலிருந்து பதிந்தவை. சினிமாப் பாட்டுகள், ஏ.ஈ.மனோகரனின் பொப் பாட்டுகள், பி.எச்.அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டு நிகழ்ச்சி, அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜாவின் குரல். எங்கள் வீட்டு ரேடியோவில் வயர் கொடுத்துப் பதிகிற வசதி இல்லை. அதற்கு முன்னால் டேப் ரெக்கோர்டரை வைத்து, எல்லாரையும் வாயை மூடச் சொல்லிவிட்டுத்தான் அப்பா பதிவார். அம்மா மூடமாட்டா. மனோகரன் பாட்டு ஒன்றின் நடுவில் "இஞ்ச பாருங்க, மீன்காரன் வந்திருக்கான்" என்று அவவின் குரல் கேட்கும். உடனே அப்பா "ச்சூ" என்பார். பிறகு சட்டியை எடுக்கிற சத்தம். அம்மா 2016இல் போய்விட்டா. அவவின் குரல் வேறெதிலும் எங்களிடம் இல்லை. 2018 ஜனவரியில் மனோகரன் சென்னையில் இறந்த செய்தி வந்த இரவு அப்பா அந்தக் கேசட்டைத்தான் போட்டார். மீன்காரன் வருகிற இடத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

பென் டிரைவை டிவியில் செருகி இரண்டு பாட்டுக் கேட்டதுமே அப்பா சொல்லிவிட்டார்: "பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நம்மட கேசட் இல்ல மகள்."

இரைச்சல் இல்லை, அறிவிப்பாளர் இல்லை, அம்மா இல்லை. உறையில் அப்பா எழுதி வைத்திருந்த பாட்டு வரிசையைப் பார்த்து, அப்படியே யூடியூப்பில் தேடி இறக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பாட்டு முடிகிற இடத்தில் யாரோ ஒரு பையன் "சப்ஸ்கிரைப் பண்ணுங்க" என்கிறான்!

திரும்பப் போய்க் கேட்டபோது 15 கேசட்டுகளை எடுத்து வைத்தார்கள். மிச்சம் ஏழும்? "பூஞ்சணம் பிடிச்சிருந்தது, எறிஞ்சிட்டம்." வாவிக்கரை ஊரில் பூஞ்சணம் பிடிக்காத கேசட் எந்த வீட்டில் இருக்கிறது? அதைத் துடைத்து எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தெரியாவிட்டால் பொருளை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். எறிய யார் உரிமை கொடுத்தது? நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம் என்று பார்த்தால், என்னிடம் இருந்தது "சிடி வேலை 6,600" என்று எழுதிய ஒரு துண்டு மட்டும். எத்தனை கேசட் கொடுத்தேன் என்றுகூட அதில் இல்லை.

அதனால் சொல்கிறேன், முதலில் ஒரே ஒரு கேசட்டைக் கொடுத்துப் பாருங்கள். பாட்டுக்கு முன்னும் பின்னும் உங்கள் கேசட்டில் இருக்கிற சத்தம் வருகிறதா என்று கடையிலேயே கேளுங்கள். எண்ணிக்கையைப் பில்லில் எழுதி வாங்குங்கள், கேசட்டுகளைப் படம் எடுத்து வையுங்கள். வீட்டுக் குரல் பதிந்த கேசட்டைக் கண்ணுக்கு முன்னால் ஏற்றுவதாக இருந்தால் மட்டும் கொடுங்கள்.

மிச்சம் 15ஐயும் இப்போது கல்முனையில் சொந்தக்காரத் தம்பி ஒருவர் ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பதிகிறார். நாலு முடிந்திருக்கிறது. அம்மாவின் கேசட் அந்தப் பதினைந்தில் இல்லை.

நீல மையில் "மனோகரன் 2" என்று எழுதி, மூலையில் செலோடேப் ஒட்டிய கேசட் ஒன்று பழைய சாமான்களோடு யாருடைய கைக்காவது வந்திருந்தால் தயவுசெய்து இங்கே எழுதுங்கள். எந்த ஊராக இருந்தாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.