‘துவைக்கலாம்’ என்று விற்கப்படும் தோல் பதனிடும் பொட்டலம்: ஓர் எச்சரிக்கை

கடந்த ஆடி மாதம் எங்கள் குலதெய்வக் கோயிலில் இரண்டு கிடாக்கள் வெட்டினோம். வழக்கமாகத் தோலை அறுப்பவரே எடுத்துச் சென்று வியாபாரியிடம் போட்டுவிடுவார். இம்முறை, அப்பாவின் சாய்வு நாற்காலியில் விரிப்பதற்கு மயிரோடு கூடிய தோல் ஒன்று வேண்டும் என்ற ஆசையில் இரண்டையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ‘படிகாரமும் உப்பும் போதும், வீட்டிலேயே பதனிடலாம், ஆயுள் முழுவதும் துவைத்துப் பயன்படுத்தலாம்’ என்று விளம்பரம் செய்திருந்த ஓர் இணைய விற்பனையாளரிடம் 1,450 ரூபாய் செலுத்தி, ஒரு வாரம் முன்பே பொட்டலத்தைத் தருவித்திருந்தேன்.

அதில் ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள மஞ்சள் பாரித்த கட்டி ஒன்று, சமையலுக்கு வாங்கும் தூள் உப்பு ஒரு கிலோ, பெயர் எழுதாத வெள்ளைத் தூள் ஒரு பை, ஒரு பக்க அச்சுத்தாள் ஆகியவை இருந்தன. தோலை உரித்த மறுநாள் இம்மூன்றையும் கொதிநீரில் ஒன்றாகக் கொட்டிக் கரைத்து, கை பொறுக்கும் சூட்டில் தோலை முக்கி வைக்க வேண்டும் என்று தாளில் கண்டிருந்தது. ஒரு தோலை அப்படியே செய்தேன். தூளைக் கொட்டியதும் பாத்திரம் பொங்கி வழிந்து, பால் திரிந்தாற்போல வெண்மையான திப்பி அடியில் தங்கியது. மூன்றாம் நாள் தோலைத் தூக்கியபோது மயிர் பிடி பிடியாகக் கையோடு வந்தது. நாற்றத்தால் அண்டை வீட்டார் சன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

விற்பனையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்றும், அதற்கென ஒரு ‘மருந்து’ தனியாக இருக்கிறது என்றும், 600 ரூபாய் அனுப்பினால் கிடைக்கும் என்றும் சொன்னார். அனுப்பினேன் என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். வந்த மருந்தின் மீது எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பார்த்தேன், நுரைத்துப் பொங்கியது. முதலில் வந்த வெள்ளைத் தூளும் அப்படியே பொங்கியது. ஏதோ ஒரு சோடாவைத்தான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். இதைக் கேட்டு நான் அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை. மறுநாள் முதல் என் எண்ணிலிருந்து அவருக்கு அழைப்பே போகவில்லை.

அதன் பிறகு, தோல் மண்டியில் நெடுங்காலம் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் தாளைக் காட்டினேன். முதல் வரியிலேயே அவர் சிரித்துவிட்டார். உரித்த தோல் நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும்; மயிர்க்கால் தளர்ந்துவிட்டால் அதற்குப் பின் எந்த மருந்தாலும் அதை மீட்க முடியாது. ஆகவே உரித்த கையோடு சதைப்புறத்தில் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் சுரண்டிவிட்டு, தோலின் எடையில் பாதி அளவுக்காவது கல் உப்பை விளிம்பு வரை தேய்க்க வேண்டும். இதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல்கூட இல்லை. பச்சைத் தோலுக்குச் சூடும் ஆகாது. 60 பாகை செல்சியசைத் தாண்டினாலே அது சுருங்கத் தொடங்கும் என்னும்போது, கொதிநீரில் கரைத்துக் கை பொறுக்கும் சூட்டில் இறக்கச் சொல்வது எவ்வளவு விபரீதம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். நான் கண்ட வெண்திப்பி, சோடாவை ஒரேயடியாகக் கொட்டியதால் படிகாரத்தில் இருந்த அலுமினியம் தோலுக்குள் செல்லாமலேயே பிரிந்து வீழ்ந்தது என்பதற்கு அடையாளமாம்.

மஞ்சள் கட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முடிதிருத்தும் கடையில் பயன்படும் நல்ல படிகாரம் கற்கண்டைப் போல நிறமற்றுத் தெளிவாக இருக்கும். கலங்கிய நீரைத் தெளிய வைக்க மலிவாக விற்கப்படும் மஞ்சள் கட்டியில் இரும்பு கலந்திருக்கும். அது வெள்ளைத் தோலைக் கறைப்படுத்தும். பெரியவர் சொன்ன சோதனை எளிது: கட்டியில் சிறிது கரைத்து, பாலில்லாத கெட்டித் தேநீரில் விட வேண்டும், இரும்பு இருந்தால் தேநீர் மை போலக் கறுக்கும். எனக்கு வந்த கட்டி கறுக்க வைத்தது.

இரண்டாவது தோலை, நல்ல வேளையாக, அறுத்த அன்றே அம்மா கல் உப்பில் போட்டு வைத்திருந்தார். அதை ஊறவைத்துச் சுரண்டிய பின், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய 450 கிராம் படிகாரத்தை 4 லிட்டர் நீரில் கரைத்தேன். 225 கிராம் உப்பையும் 110 கிராம் சலவைச் சோடாவையும் வேறு 2 லிட்டர் நீரில் கரைத்து, அதைப் படிகார நீரில் துளித்துளியாக விட்டுக் கிளறினேன். உப்பு இங்கே வெறும் பதப்பொருள் அன்று. படிகார நீரின் புளிப்பால் தோல் ஊதிப் பருத்துவிடாமல் தடுப்பதும் அதுவே. ஆறிய கரைசலை மாவோடு குழைத்துச் சதைப்புறத்தில் பல நாள்கள் பூசி, அரைகுறையாகக் காய்ந்தபோது பலகை விளிம்பில் இழுத்து இழுத்து மென்மையாக்கினேன். தோள்பட்டை வலி ஒரு வாரம் நீங்கவில்லை. மிஞ்சிய நீரைக் கொட்டிய இடத்தில் இருந்த முருங்கைக் கன்று கருகியது என் சொந்தப் பிழை.

தோல் வெண்மையாக, நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் அதைத் துவைக்க முடியாது. ஆவாரம்பட்டையோ குரோமியமோ தோலின் நாரோடு பிணைந்து நிற்பதைப் போலப் படிகாரம் நிற்பதில்லை. தண்ணீரில் ஊறினால் கரைந்து வெளியேறிவிடும், காய்ந்தபின் தோல் அப்பளம் போல விறைத்துவிடும். ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி இரவு முழுவதும் நீரில் போட்டு இதை நானே பார்த்தேன். ஆகவே பொட்டலத்தில் முதல்தரமான படிகாரமே இருந்திருந்தாலும், ‘துவைக்கலாம்’ என்ற வாக்குறுதி பொய்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் செலுத்திய பற்றுச்சீட்டையும் விளம்பரத்தின் படத்தையும் எடுத்து வைத்திருந்தது அப்போது உதவியது; வாங்குகிறவர்கள் முதல் நாளே அவற்றைச் சேமித்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர் இப்போது வேறு பெயரில் அதே படத்தோடு விளம்பரம் செய்கிறார். படத்தில் மடித்துக் காட்டியிருக்கும் தோலின் உட்புறத்தைக் கவனியுங்கள். அது இளநீலமாக இருக்கிறது. படிகாரத்தில் பதனிட்ட தோல் வெள்ளையாக இருக்கும். அந்த நீலம் ஏதோ ஒரு தொழிற்சாலையின் குரோமியம் தந்த நிறம்.